குடும்பம் முன்னேறுகிறதா என்று எப்படி அளப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் மீது வன்முறையும் புறக்கணிப்பும் நேராமல் முன்கூட்டியே தடுக்கும் திட்டங்களில், வீடு தேடிப் போகும் பணியாளர்களுக்கு அளவீட்டுப் படிவங்களைப் பற்றிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எந்தப் பயிற்சிக்குப் போனாலும் அதே சந்தேகங்கள். அரங்கில் கை தூக்கிக் கேட்பதைவிட இடைவேளையில் காதோரமாகக் கேட்பவைதான் அதிகம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

1. பலம் சார்ந்த திட்டம்னு சொல்றீங்களே, குறையே கண்ணில் படாத மாதிரி நடிக்கிறதா?

இல்லை. 1962இல் ஹென்றி கெம்பேயும் அவருடைய சக மருத்துவர்களும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் மருத்துவ உலகைப் பெரிய அளவில் இந்தப் பக்கம் திரும்ப வைத்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் எல்லோருடைய கண்ணும் ஆபத்தின் மேலேயே இருந்தது. எந்தப் பெற்றோர் அடிப்பார், எந்த வீட்டில் என்ன கோளாறு என்று பட்டியல் போட்டார்கள். பட்டியல் வேண்டியதுதான். ஆனால் “மனச்சோர்வு, வேலை இல்லை, துணை இல்லை” என்று ஒரு தாயைப் பற்றி எழுதி முடித்த பிறகு, அந்த வீட்டில் எதைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது?

பலம் சார்ந்த முறை வேறொரு கேள்வி கேட்கிறது: இத்தனை நெருக்கடியிலும் இந்தக் குழந்தை இன்றுவரை பத்திரமாக இருக்கிறதே, யார் என்ன செய்ததால்? கோபம் தலைக்கேறும்போது குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரே கண்டுபிடித்த வழி. அதைப் பெயர் சொல்லிக் காட்டி, இன்னும் இரண்டு வழிகளை அதோடு சேர்ப்பதுதான் திட்டம். குறை எங்கும் ஓடிப்போகவில்லை. அதைச் சரிசெய்ய இந்த வீட்டிலேயே என்ன கைவசம் இருக்கிறது என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

2. சரி, அப்போ எதைத்தான் அளக்குறீங்க?

பாதுகாப்புக் காரணிகளை. இருந்தால் குழந்தைக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு குறையும் என்று சொல்லத்தக்க விஷயங்கள் இவை. அமெரிக்காவில் சமூகக் கொள்கை ஆய்வு மையம் வகுத்த ‘குடும்பங்களை வலுப்படுத்தல்’ சட்டகத்தில் ஐந்து இருக்கின்றன: பெற்றோரின் தாங்கும் திறன், மனிதத் தொடர்புகள், நெருக்கடியில் கைக்கு எட்டும் உதவி, குழந்தை வளர்ச்சியையும் வளர்ப்பையும் பற்றிய அறிவு, குழந்தையின் சமூக, உணர்வுத் திறன். வேறு திட்டங்கள் வேறு பெயர்களில் சொல்லும். உள்ளே பார்த்தால் பெரும்பாலும் இந்த ஐந்துதான்.

இவற்றில் எதையும் அளவு நாடாவைப் பிடித்து அளக்க முடியாது. நாம் கேட்பது சின்னச் சின்ன வாக்கியங்களுக்கான பதில். மனக்கஷ்டத்தைச் சொல்ல ஆள் இருக்கிறதா, வீட்டில் பிரச்சினை வந்தால் உட்கார்ந்து பேசுகிறீர்களா, குழந்தை அடம்பிடிக்கும்போது என்ன செய்வதென்று தெரிகிறதா என்பது போல. பதில்களைச் சேர்த்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண், காரணியின் நிழல் மாதிரி. நிழலைப் பார்த்து உயரத்தைச் சொல்லலாம், ஆனால் வெயில் எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

3. அடி விழுந்ததா இல்லையானு நேரா எண்ணிட்டாப் போதாதா? எதுக்கு இந்தச் சுற்று வழி?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும் கூட. முதல் சிக்கல்: ஒரு சிறு திட்டத்தில் ஐம்பது அறுபது குடும்பங்கள் இருக்கும். அதில் ஓராண்டில் அதிகாரிகளிடம் புகாராகப் பதிவாகி உறுதியாவது ஒன்றோ இரண்டோ. போன வருடம் இரண்டு, இந்த வருடம் ஒன்று என்றால் பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொல்லலாமா? அது தற்செயலாகவும் இருக்கலாம். மறுபக்கம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி 2 முதல் 17 வயதுவரை உள்ள குழந்தைகளில் 100 கோடிப் பேர் வரை ஓர் ஆண்டுக்குள் ஏதாவதொரு வன்முறையையோ புறக்கணிப்பையோ சந்திக்கிறார்கள். புகாராக வெளியே வருவது அதில் ஒரு துளி.

இரண்டாவது சிக்கல் இன்னும் வேடிக்கையானது. வாரம் தவறாமல் ஒரு பணியாளர் போகும் வீட்டில், மற்ற வீடுகளில் யார் கண்ணிலும் படாத காயமும் கண்ணில் படும். திட்டம் நன்றாக நடந்தாலே புகார் கூடலாம். டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் 400 தாய்மார்களை வைத்துத் தொடங்கிய செவிலியர் வருகை ஆய்வைப் படிப்பவர்களுக்கு இந்தக் கண்காணிப்புச் சிக்கல் பழக்கமானது. அந்த ஆய்வின் தெளிவான பலன் பதினைந்து ஆண்டுத் தொடர்ச்சி முடிவாக 1997இல்தான் வெளிவந்தது. உங்கள் திட்டத்துக்கு அறிக்கை கேட்பவர் பதினைந்து ஆண்டு காத்திருக்கப்போவதில்லை.

பெரிய அளவில் எண்ணலாம். அமெரிக்காவின் தென் கரோலைனாவில் 18 கவுன்டிகளை (நம் மாவட்டம் மாதிரி) குலுக்கல் முறையில் பிரித்து, டிரிபிள் பி என்ற பெற்றோர் பயிற்சித் திட்டத்தைச் சோதித்தார்கள், முடிவு 2009இல் வெளியானது. அங்கே உறுதியான புகார்கள், வீட்டைவிட்டு வெளியே அனுப்பப்பட்ட குழந்தைகள், மருத்துவமனைக்கு வந்த காயங்கள் என மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். மக்கள்தொகை அந்த அளவு இருந்தால்தான் அது சாத்தியம். மற்றவர்களுக்குச் சுற்று வழிதான் வழி.

4. எந்தப் படிவத்தை எடுக்கலாம்? பேரைச் சொல்லுங்க, போதும்.

பெயர் சொல்வது எளிது, எதற்கு எது என்பதுதான் முக்கியம். ‘பாதுகாப்புக் காரணிகள் கேள்வித்தாள்’ பெற்றோரே நிரப்புவது. பழைய வடிவத்தில் 20 கேள்விகள், 1 முதல் 7 வரை அளவு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். ஆறு கேள்விகள் தலைகீழானவை, அதாவது 7 போட்டால் மோசம் என்று பொருள். கூட்டும்முன் அவற்றைத் திருப்ப வேண்டும். இதை மறந்து கூட்டிய அறிக்கைகளை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: குழந்தை வளர்ப்பு அறிவைக் கேட்கும் ஐந்து கேள்விகளைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கக் கூடாது, தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோரின் மனப்பான்மையைப் பார்க்க ஏஏபிஐ-2 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 40 கேள்விகள், வயதுக்கு மீறி எதிர்பார்ப்பது, அடித்து வளர்ப்பதில் நம்பிக்கை, பரிவின்மை போன்ற ஐந்து கூறுகள். திட்டத்துக்கு முன்னும் பின்னும் நிரப்ப வெவ்வேறு படிவம் இருப்பதால் போன தடவை போட்ட பதிலை நினைவு வைத்து எழுத முடியாது. வளர்ப்பு அழுத்தத்துக்கு பெற்றோர் அழுத்தக் குறியீட்டின் 36 கேள்விக் குறும்படிவம். நேரில் பார்த்து அளக்க பிக்கலோ: பெற்றோரும் குழந்தையும் விளையாடும் பத்து நிமிடத்தைப் பார்த்து 29 நடத்தைகளுக்கு மதிப்பெண். இது சுமார் 10 மாதம் முதல் 47 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு. பணியாளரே நிரப்புவதற்கு வட கரோலைனா குடும்ப மதிப்பீட்டு அளவுகோல். அதில் −3 கடுமையான பிரச்சினை, 0 போதுமான நிலை, +2 தெளிவான பலம். பலத்துக்கும் பிரச்சினைக்கும் ஒரே கோட்டில் இடம் கொடுத்திருப்பதால் எனக்குப் பிடித்தது இதுதான்.

மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒன்று பெற்றோர் சொல்வது, ஒன்று கண்ணால் பார்ப்பது. சாதாரணமாக இந்த இரண்டே போதும்.

5. முதல் நாளே படிவத்தை நீட்டணுமா? ஒரு மாதிரி இருக்கே.

முதல் சந்திப்பில் வேண்டாம். ரொம்பத் தள்ளியும் போடாதீர்கள், ஏனென்றால் அதற்குள் திட்டம் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பு சரியாக வரும். எந்தச் சந்திப்பு என்று முடிவு செய்கிறீர்களோ, எல்லாக் குடும்பத்துக்கும் அதுவே இருக்கட்டும். ஒரு வீட்டில் முதல் நாளும் இன்னொரு வீட்டில் ஆறாவது வாரமும் எடுத்த எண்களை ஒன்றாகச் சேர்க்க முடியாது.

6. படிக்கத் தெரியாதவங்களுக்கு நாமே வாசிச்சு டிக் பண்ணிடலாமா?

வாசிக்கலாம். டிக் அவர்கள் கையால் விழட்டும், அல்லது அவர்கள் விரல் வைத்த இடத்தில் நீங்கள் போடுங்கள். “அப்போ இது ஆறுதானே?” என்று கேட்டுவிட்டால் அது உங்கள் பதில். ஏழு கட்ட அளவு பலருக்குப் புரிவதில்லை. காலியிலிருந்து முழுக்க நிரம்பியது வரை ஏழு குவளைகள் வரைந்த அட்டை ஒன்றை நான் பயன்படுத்துகிறேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

வாசித்தால் எல்லோருக்கும், முன்னும் பின்னும் இரண்டு தடவையும் வாசியுங்கள். மொழிபெயர்த்த படிவமாக இருந்தால், மூலத்தைப் பார்க்காத ஒருவரை வைத்து அதைத் திரும்ப மூலமொழிக்கு மாற்றிப் பாருங்கள். “உறுதுணை” என்று நாம் எழுதியது “பண உதவி” என்று திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு.

7. எல்லாரும் நல்ல மார்க்தான் போட்டுக்குவாங்க. பொய்தானே இது?

பயம் என்று சொல்லுங்கள். யார் வீட்டுக்கு வந்திருக்கிறார், இந்தத் தாள் எங்கே போகும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா என்று தெரியாத நிலையில் யாராக இருந்தாலும் ஏழுதான் போடுவார்கள். நானும் போடுவேன். அதனால்தான் சில படிவங்கள் இதை எதிர்பார்த்தே செய்யப்பட்டிருக்கின்றன. கேள்வி நான்கில் சொன்ன அழுத்தக் குறியீட்டில், தற்காப்பாகப் பதில் சொல்வதைக் காட்டும் பகுதி உண்டு. குழந்தையைத் துன்புறுத்தும் வாய்ப்பை அளக்க ஜோயல் மில்னர் செய்த 160 கேள்விகள் கொண்ட தாளில் பொய்யைக் கண்டுபிடிக்கத் தனி அளவே இருக்கிறது.

சாதாரணப் படிவத்தில் நீங்கள் செய்யக்கூடியது, பேனாவைக் கொடுக்கும்முன் மூன்று விஷயத்தைச் சொல்வது: இதை யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படும், எதை மட்டும் நான் மேலே சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவதை மழுப்பாதீர்கள். பிறகு தெரிந்தால் அந்த வீட்டுக் கதவு மூடியதுதான்.

8. நாலு மாசம் உழைச்சும் மார்க் குறைஞ்சிருக்கு. நான் என்ன தப்பு பண்ணினேன்?

எனக்கு மறக்காத ஒரு வீடு. முதல் படிவத்தின்போது மாமியார் கதவோரம் நின்றிருந்தார். “கஷ்டம்னா உதவ ஆள் இருக்கு” என்ற வரியில் அந்தப் பெண் பென்சிலைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்திருந்தார். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஏழில் டிக் போட்டார். நான்கு மாதம் கழித்து அதே வரி, அதே குவளை அட்டை. கதவோரம் யாரும் இல்லை. விரல் இரண்டாவது குவளைக்குப் போனது. “யாரும் இல்லக்கா” என்றார். அலுவலகத்தில் அந்தக் குடும்பத்தை ‘பின்னடைவு’ என்று குறித்தார்கள். அந்த நான்கு மாதத்தில் நடந்த பெரிய முன்னேற்றமே அந்த இரண்டுதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் எழுத இடமில்லாத படிவம் அது.

நம்பிக்கை வந்ததால் குறைவது ஒரு காரணம். அறிவு வந்ததால் குறைவது இன்னொன்று. “குழந்தை வளர்ப்பு எனக்கு நன்றாகத் தெரியும்” என்று முதலில் ஏழு போட்டவர், இரண்டு வயதுக் குழந்தையின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டறிந்த பிறகு, தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று உணர்ந்து ஐந்து போடுவார். அளவுகோல் அப்படியே இருக்கிறது, அவர் மனதுக்குள் இருந்த அளவு மாறிவிட்டது. ஆய்வாளர்கள் இதை மறுமொழி நகர்வு என்கிறார்கள்.

நிஜமாகவே மோசமாகியும் இருக்கலாம். வேலை போயிருக்கும், தொல்லை கொடுத்த துணை திரும்பி வந்திருக்கும். எது என்பதை எண் சொல்லாது. குறைந்த வரியைக் காட்டி, “இது மாறியிருக்கே, என்ன நடந்தது?” என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

9. அப்போ கடைசியில ஒரே தடவை கேட்டு, “முன்ன எப்படி, இப்ப எப்படி”னு வாங்கிக்கலாமே?

அதற்கென்றே முறை இருக்கிறது. முடிவில் ஒரே தாளில், ஒவ்வொரு வரிக்கும் ‘அப்போது’, ‘இப்போது’ என்று இரண்டு பதில் கேட்பது. முந்தைய கேள்வியில் சொன்ன மனதுக்குள் அளவு மாறும் சிக்கல் இதில் வராது, ஏனென்றால் இரண்டையும் ஒரே மனநிலையில் அளக்கிறார். பாதுகாப்புக் காரணிகள் கேள்வித்தாளின் இரண்டாம் பதிப்பில் இரண்டு வடிவமும் இருக்கிறது.

ஆனால் இதற்கும் விலை உண்டு. வாரக்கணக்கில் வந்து போன உங்களை வருத்தப்படுத்த யாருக்கும் மனம் வராது, ‘அப்போது’வைச் சற்று இறக்கியே போடுவார்கள். பாதியில் விட்டுப் போனவர்களின் தகவல் கிடைக்கவே கிடைக்காது. இடையில் எதையும் திருத்திக்கொள்ளவும் முடியாது. குறுகிய வகுப்புகளுக்கு இது சரி. ஆண்டுக்கணக்கில் ஓடும் வீட்டு வருகைக்கு நான் முன், நடு, பின் என்று மூன்று தடவை எடுக்கத்தான் சொல்வேன்.

10. நாலுல இருந்து அஞ்சு ஆச்சு. முன்னேற்றம்னு எழுதலாமா?

ஒரு குடும்பத்துக்கு என்றால் அவசரப்படாதீர்கள். எந்தக் கேள்வித்தாளிலும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. ஒன்றுமே மாறாமல் அடுத்த வாரம் கேட்டாலும் அரைப் புள்ளி முன்பின் வரும். அந்த ஆட்டத்தைத் தாண்டிய மாற்றம் எது என்று பார்க்க ஜேக்கப்சனும் டிரூவாக்ஸும் 1991இல் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. எடுத்துக்காட்டாக, உங்கள் குடும்பங்களின் மதிப்பெண் பரவல் (திட்ட விலக்கம்) 1.2, படிவத்தின் நம்பகத்தன்மை 0.80 என்று வைத்துக்கொள்வோம். அளவீட்டுப் பிழை சுமார் 0.54, இரண்டு தடவை அளப்பதால் அது 0.76 ஆகும்; அதை 95 சதவீத உறுதிக்கான 1.96ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை. ஆக, ஏழு கட்ட அளவில் ஒன்றரைப் புள்ளி ஏறினால்தான் அந்தக் குடும்பம் மாறியிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்.

அறுபது குடும்பங்களின் சராசரி அரைப் புள்ளி ஏறியிருந்தால் அது வேறு கதை, ஆட்டங்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். பாதுகாப்புக் காரணிகள் கேள்வித்தாளைச் செய்தவர்களே, இது குழுவைப் பார்க்கத்தான், ஒரு தனிக் குடும்பத்தின் மேல் தீர்ப்பு எழுத இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். தொடக்கத்திலேயே 6.5 போட்ட குடும்பம் ஏறுவதற்கு இடமே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

11. நாம போகாம இருந்திருந்தாலும் சரியாகியிருக்குமோ?

சில குடும்பங்கள் ஆகியிருக்கும். குடும்பங்கள் நம்மிடம் வருவது வாழ்க்கையின் மோசமான வாரத்தில். புயலின் நடுவில் எடுத்த அளவை, புயல் கடந்த பிறகு எடுத்த அளவோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் வெற்றிதான். இதைப் பிரித்துக் காட்ட ஒப்பீட்டுக் குழு வேண்டும். சேர்க்கை நிரம்பி, காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் குடும்பங்களிடம் அதே படிவத்தை, அவர்கள் சம்மதத்தோடு, அதே இடைவெளியில் இரண்டு தடவை வாங்கினால் ஓரளவு தெரியும். அதுவும் முடியாவிட்டால், அறிக்கையில் “எங்கள் குடும்பங்கள் மாறின” என்று எழுதுங்கள், “எங்களால் மாறின” என்று எழுதாதீர்கள்.

12. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவை வேற வேற. ஒரே படிவத்துல எப்படி அடங்கும்?

அடங்காது. அதற்கு இலக்கு எட்டல் அளவு என்ற முறை இருக்கிறது. கைரெசுக்கும் ஷெர்மனும் 1968இல் மனநலச் சேவைகளுக்காகச் செய்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து ஓர் இலக்கை எடுத்து ஐந்து படியாக எழுதுவீர்கள். எதிர்பார்ப்பது 0, அதற்கு மேல் +1, +2, கீழே −1, −2.

ஓர் அப்பாவோடு எழுதியது இப்படி. −2: ராத்திரி குழந்தை அழுதால் தினமும் கத்துகிறேன். −1: வாரத்தில் நான்கைந்து நாள். 0: ஒன்றிரண்டு நாள், கத்தும்முன் மனைவியிடம் குழந்தையைக் கொடுக்கிறேன். +1: ஒரு வாரம் முழுக்கக் கத்தவில்லை. +2: நானே குழந்தையைத் தூங்க வைக்கிறேன். “ப்ளஸ் ரெண்டெல்லாம் கனவு சார்” என்று அவர் சிரித்தது நினைவிருக்கிறது. வார்த்தைகள் அவருடையவை என்பதால் எந்தப் படியில் இருக்கிறோம் என்பதில் சண்டை வந்ததே இல்லை. எளிதான இலக்கை எழுதிக்கொண்டு ஜெயிக்கும் ஆசை பணியாளருக்குத்தான் வரும். அதனால் இலக்கு எழுதியதும் இன்னொரு பணியாளர் ஒரு தடவை பார்க்கட்டும்.

13. அம்மாகிட்ட மட்டும் கேட்டாப் போதுமா?

வழக்கத்தில் அப்படித்தான் நடக்கிறது, அது தப்பு. குழந்தையை யார் யார் கவனிக்கிறார்களோ, அவர்களில் பதில் சொல்லத் தயாரான ஒவ்வொருவரிடமும் தனித்தனிப் படிவம், தனித்தனி இடத்தில். ஏன் தனி இடம் என்பதற்கு எட்டாவது கேள்வியின் மாமியாரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரின் எண்ணையும் சராசரி எடுக்காதீர்கள். அப்பா ஆறு, அம்மா இரண்டு என்றால் அந்த இடைவெளிதான் செய்தி. நான்கு என்று எழுதினால் அது மறைந்துபோகும்.

14. படிவம் எல்லாம் ஆறும் ஏழும். ஆனா அந்த வீட்டுக்குப் போனா எனக்கு மனசு ஒப்பல.

மனசு சொல்வதைக் கேளுங்கள். பாதுகாப்புக் காரணிகளை அளப்பது வேறு, குழந்தை இன்று பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. முதலாவது மாதக்கணக்கில் நகர்வது. இரண்டாவது ஒவ்வொரு வருகையிலும், குழந்தையை நேரில் பார்த்து, செய்ய வேண்டியது. தவழாத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன காயம் இருந்தால் எந்த மதிப்பெண்ணும் அதைச் சமன் செய்யாது. தானே நகரத் தெரியாத குழந்தைக்கு அப்படி அடிபடுவது அபூர்வம். அன்றே மேற்பார்வையாளரிடமும், சட்டம் சொல்லும் இடத்திலும் தெரிவிக்க வேண்டியது.

காயம் மாதிரி எதுவும் இல்லை, ஏதோ உறுத்துகிறது என்றால், உறுத்தியது எது என்று எழுதுங்கள். “குழந்தை அவரைப் பார்த்ததும் விளையாட்டை நிறுத்தியது”, “மூன்று வருகையிலும் தூங்குகிறது என்றார்கள்” என்பது போல, கண்டது மட்டும். பலத்தைப் பார்க்கப் பழகியவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. பிடித்துப்போன குடும்பத்தைப் பற்றி மேலே சொல்லத் தயங்குவது. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

15. காசு இல்லாததால மார்க் குறையுது. அதுக்குப் பெற்றோர் என்ன பண்ணுவாங்க?

ஒன்றும் பண்ண முடியாது. அதனால்தான் ‘கைக்கு எட்டும் உதவி’யைத் தனியாக வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வாடகை கட்ட முடியாத அம்மாவின் மொத்த எண்ணில் இது கலந்துவிட்டால், அவர் மோசமான பெற்றோர் போலத் தெரிவார். வீட்டில் சாப்பாடு இல்லாததும், இருந்தும் கொடுக்காததும் குழந்தையின் வயிற்றுக்கு ஒன்றுதான். செய்ய வேண்டிய வேலை முற்றிலும் வேறு. இந்த எண் குறைந்தால் பெற்றோருக்கு வகுப்பு எடுக்காதீர்கள், உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். உங்கள் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு இது மட்டும் ஏறவே இல்லை என்றால், கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் அந்தக் குடும்பங்கள் இல்லை.

16. பாதியில விட்டுட்டுப் போனவங்களை எங்க சேர்க்கிறது?

முதல் பக்கத்தில். 60 பேர் தொடங்கி 34 பேர் முடித்திருந்தால், அந்த 34 பேரின் சராசரி மட்டும் அறிக்கையில் மின்னும். போன 26 பேரின் தொடக்க மதிப்பெண்ணை, இருந்தவர்களின் தொடக்க மதிப்பெண்ணோடு வைத்துப் பாருங்கள். போனவர்கள் கீழே இருந்தவர்கள் என்றால், உங்கள் திட்டம் எளிதான குடும்பங்களிடம் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் பொருள். முடிந்தால் ஏன் போனார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வீடு மாறியது, வேலை நேரம் ஒத்துவரவில்லை என்பவையே அடிக்கடி வரும் பதில்கள்.

17. மார்க்கைக் குடும்பத்துக்கிட்டயே காட்டலாமா?

காட்டாமல் வைத்திருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அவர்கள் சொன்னதுதானே. மொத்த எண்ணைக் காட்டாதீர்கள், பள்ளி ரிப்போர்ட் கார்டு வாங்கிய முகம் ஆகிவிடும். இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நகர்ந்த வரிகளை மட்டும் காட்டி அவர்களைப் பேச விடுங்கள். இடையில் வரும் மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

18. மார்க் ஏறலைன்னா எங்களை வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?

சில இடங்களில் பணியாளரின் திறமையை இந்த எண்ணை வைத்து எடை போடுகிறார்கள் என்பது உண்மை. அங்கே என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்: வாசிக்கும்போது குரல் ஆறை நோக்கிச் சாயும், கஷ்டமான குடும்பம் வேறு ஆளுக்குப் போகும், முதல் படிவம் மோசமான நாளாகப் பார்த்து எடுக்கப்படும். இரண்டு வருடத்தில் எண் அழகாக இருக்கும், ஒன்றும் தெரியாது. மேலாளர்கள் யாராவது இதைப் படித்தால்: பணியாளரை எடை போட வேண்டுமென்றால் அவரோடு ஒரு வீட்டுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

19. நிதி கொடுக்கிறவங்க ஒரே ஒரு நம்பர் கேக்குறாங்க. என்ன கொடுக்கிறது?

கொடுங்கள், மறுக்க முடியாது. ஆனால் மொத்தச் சராசரியைவிட, “தொடங்கிய 60 குடும்பங்களில் நம்பத்தகுந்த அளவு ஏறியவை இத்தனை, அப்படியே இருந்தவை இத்தனை, இறங்கியவை இத்தனை, விட்டுப் போனவை இத்தனை” என்று ஒரே வரியில் நான்கு எண்ணாகக் கொடுங்கள். ஏறியது என்பதற்குப் பத்தாவது கேள்வியின் கணக்கு. கீழே ஒரு குடும்பத்தின் கதை, அடையாளம் தெரியாதபடி. நிதி கொடுப்பவர்கள் கதையைத்தான் படிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

20. மார்க் நல்லா வந்தாச்சு. ஃபைலை மூடிடலாமா?

நான் மூடும்முன் மூன்றைப் பார்ப்பேன். பன்னிரண்டாவது கேள்வியில் சொன்ன இலக்குகள் 0க்கு மேல் இரண்டு மாதமாவது நின்றிருக்கின்றனவா? கடைசி நெருக்கடியில் அவர்கள் முதலில் கூப்பிட்டது யாரை? நம்மை என்றால் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. தங்கை, பக்கத்து வீடு, சிநேகிதி என்றால் சரி. மூன்றாவது, வருகையை வாரத்திலிருந்து மாதத்துக்கு மாற்றிய பிறகு எடுத்த படிவம் என்ன சொல்கிறது?

கேள்வி எட்டில் வந்த பெண்ணின் கடைசிப் படிவத்தில் அந்த உதவி வரிக்கு ஐந்தாவது குவளை. ஏழு இல்லை. யார் யார் என்று கேட்டேன். மூன்று பேரைச் சொன்னார், விரல் விட்டு எண்ணி. மூன்றாவது பெயர் மாமியாருடையது.